செஞ்சி மலை, சங்கராபரணி, தென்பெண்ணை: மண் பாதையில் சைக்கிள் ஓட்டப் போகும் தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

மண், சரளைப் பாதைக்கென்று வருகிற கிராவல் சைக்கிள் வாங்கிய கையோடு எல்லாரும் லடாக், ஸ்பிதி என்றுதான் பேச ஆரம்பிக்கிறார்கள். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ வீடு இருக்கிற உனக்கு அந்த அவசரம் வேண்டாம் தங்கச்சி. மேற்கே செஞ்சி மலைகள். அந்தப் பக்கமிருந்து இறங்கி வருகிற சங்கராபரணி. திண்டிவனம் பக்கமிருந்து வந்து அதில் சேருகிற தொண்டியாறு. தெற்கே தென்பெண்ணை, கிழக்கே கழுவேலி சதுப்பு நிலம். இடையில் ஊருக்கு ஊர் ஏரி. இத்தனையையும் சேர்த்துக் கட்டுகிற செம்மண் பாதைகளும் கப்பி ரோடுகளும் நம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகின்றன. இந்தச் சைக்கிளுக்கென்றே செய்து வைத்த மாதிரி ஒரு நாடு இது. நம் ஊர்ப் பெண்கள் இதை இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். அதனால்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனசில் பதிய வைத்துக்கொள். நம் பக்கத்தில் மண் பாதை என்றால் அது பெரும்பாலும் தண்ணீரை ஒட்டியது. ஏரிக்கரை, ஆற்றங்கரை, வாய்க்கால் கரை, ஓடையைத் தாண்டுகிற தரைப்பாலம். அதனால் எந்த வழியில் போகலாம் என்று கேட்பதற்கு முன்னால், இந்த மாதம் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கேள். வழி தானாகத் தெரியும்.

எந்த மாதம், எந்த நேரம்

தை, மாசிதான் ராஜ மாதங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரிகள் நிறைந்திருக்கும், மண் இறுகியிருக்கும், புழுதி எழும்பாது, காலை பத்து மணி வரை வெயில் உறைக்காது. பங்குனியிலும் ஓட்டலாம், ஆனால் ஒன்பது மணிக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் செஞ்சிப் பக்கம் போகவே போகாதே. அந்தப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் விடாது. சாயங்காலம் கிளம்பினால் குளிர்ச்சியாக இருக்கும் என்ற கணக்கு அங்கே பலிக்காது. ஆனி, ஆடியில் மேல்காற்று. திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு எதிர்காற்றில் மிதிப்பது மலை ஏறுவதற்குச் சமம். அதனால் அந்த மாதங்களில் போகும்போது மேற்கே போய்க் களைப்பை முதலிலேயே முடித்துக்கொள். திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளிக் கொண்டுவந்து விடும். கோடையில் இது தலைகீழ்: மதியத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கிலிருந்து வரும். மரக்காணம் பக்கம் போவதானால் விடியற்காலையிலேயே போய்விடு.

ஐப்பசி, கார்த்திகையில் மண் பாதையை மறந்துவிடு. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அதற்கடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரால் தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் மூழ்கின. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் ரயிலே நின்றது. ரயிலை நிறுத்துகிற தண்ணீர் சைக்கிளை என்ன செய்யும் என்று யோசித்துக்கொள். இன்னொன்று: நம் ஊரில் மழை பெய்யாவிட்டாலும் பெண்ணையில் வெள்ளம் வரும். அது கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று அணை தாண்டி வருகிற ஆறு. கரையில் ஓட்டக் கிளம்பும் முன் சாத்தனூர் அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று அன்றைய செய்தியில் பார்த்துவிட்டுக் கிளம்பு.

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், அது கணுக்கால் அளவே என்றாலும், திரும்பி வா. பாலத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்று கலங்கிய தண்ணீரில் தெரியாது. ஏரிக் கலிங்கில் தண்ணீர் வழியாவிட்டாலும் இறங்கித் தள்ளிக்கொண்டே கட. பாசி காய்ந்த மாதிரி தெரியும், கால் வைத்தால் வழுக்கும்.

ஏரிக்கரையைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறேன், மேப் பார்க்கும்போது உதவும். நம் மாவட்டத்தில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. அதனால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம்தான். செயற்கைக்கோள் படத்தில் வில் மாதிரி வளைந்து தெரிகிற கோடு அதுதான். காலையில் அதன்மேல் ஓட்டினால் வெயில் ஒரு பக்கம், ஏரி மறுபக்கம்; தண்ணீர் மினுங்கிக் கண்ணைக் கூசாது, பறவைகளும் தெளிவாகத் தெரியும். சாயங்காலம் போனால் ஏரிப்பக்கம் பார்க்கவே முடியாது. மழைக்குப் பிறகு கரைகளில் வண்டி ஓட்டினால் கரை இளகும். ஈரம் காய்கிற வரை சைக்கிளானாலும் ஓட்டாதே. அந்தக் கரையை நம்பித்தான் கீழே ஊரும் வயலும் இருக்கின்றன.

முள்ளும் டயரும்

இந்தப் பகுதியில் சைக்கிளுக்கு முதல் எதிரி சரளைக்கல் அல்ல, சீமைக் கருவேல முள். ஏரிக்கரை, ஆற்றங்கரை, புறம்போக்கு எல்லா இடத்திலும் அதுதான். விறகுக்கு வெட்டியவர்கள் பாதையில் இழுத்துப்போன இடத்தில் காய்ந்த முள் சிதறிக் கிடக்கும். பச்சை முள்ளைவிடக் காய்ந்த முள் ஆபத்து. அது டயரில் ஏறி, வெளியே முறிந்து, நுனி மட்டும் உள்ளே தங்கிவிடும். நீ டியூபைக் கழற்றிப் பேட்ச் ஒட்டி மாட்டுவாய். பத்து நிமிஷத்தில் அதே இடத்தில் மறுபடியும் காற்று இறங்கும். ஆகவே பஞ்சர் ஆனதும் டியூபை எந்தத் திசையில் வைத்திருந்தாயோ அதே திசையில் டயரின் மேல் வைத்து ஓட்டை எங்கே என்று பார். நேரே அந்த இடத்தில் டயரின் உள்பக்கத்தை ஒரு பருத்தித் துணியால் துடைத்துக்கொண்டே போ. வெறும் விரலால் தடவாதே, குத்தும். துணியின் நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது. உள்ளிருந்து தள்ளினால் வராது. வெளியிலிருந்து டயரை வளைத்துப் பிடித்து, புருவ முடி எடுக்கிற சின்ன இடுக்கியால் இழு. அந்த இடுக்கி உன் டூல் பையில் கட்டாயம் இருக்கட்டும். பேட்ச் ஒட்டும் முன் டியூபை உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, பசை காய்கிற வரை பொறுத்திரு. ஈரப் பசையில் ஒட்டின பேட்ச் வெயிலில் நகர்ந்துவிடும்.

டியூப்லெஸ் டயரும் உள்ளே சீலன்ட் திரவமும் இருந்தால் சின்ன முள்ளெல்லாம் தானாக அடைபடும். ஆனால் நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும். குளிர்நாட்டு அட்டையில் போட்டிருக்கிற மாதக் கணக்கை நம்பாதே. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் குலுக்கிப் பார். சளசளவென்று சத்தம் வரவில்லை என்றால் திரும்ப ஊற்று. டியூப்லெஸ் என்றாலும் ஒரு டியூப் உடன் இருக்க வேண்டும்.

வால்வு விஷயத்தில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கிராவல் சைக்கிளில் வருவது ஒல்லியான பிரெஸ்டா வால்வு. நம் ஊர் சைக்கிள் கடைப் பம்புக்கும் பெட்ரோல் பங்க் காற்றுக்குழாய்க்கும் அது பொருந்தாது. விரல் நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்று கிடைக்கிறது, விலை மிகக் குறைவு. வால்விலேயே திருகி வைத்துவிடு. பிறகு எந்த ஊர்ப் பஞ்சர் கடையும் உன் கடைதான்.

காற்றழுத்தத்தை ரோட்டு சைக்கிள் மாதிரி கல்லாக ஏற்றாதே. 55, 60 கிலோ எடையுள்ள ஒருத்திக்கு 40 மி.மீ. டயரில், டியூப் போட்டிருந்தால், முன்னால் 35, பின்னால் 40 பி.எஸ்.ஐ. தோராயமாகச் சரி. டியூப்லெஸ் என்றால் இன்னும் ஐந்து குறைக்கலாம். காற்று கொஞ்சம் குறைந்திருந்தால்தான் டயர் கல்லின்மேல் துள்ளாமல் படிந்து போகும், கையும் மரத்துப் போகாது.

விலை உயர்ந்த சைக்கிள் இல்லையே என்று தயங்காதே. 38 மி.மீ. டயர் ஏறுகிற ஹைப்ரிட் சைக்கிள் போதும். பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா சைக்கிளிலேயே மயிலம் சுற்றுவட்டாரத்தை முழுசாகப் பார்த்துவிடலாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஆதரவோடு கிராமத்துப் பெண்கள் ஆயிரமாயிரமாகச் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் ஓட்டியது என்ன ரோடு? இதே சரளை ரோடுதான், அதுவும் ஆண்கள் ஓட்டுகிற பார் வைத்த சைக்கிளில். கிராவல் என்று வெளிநாட்டில் பெயர் வைப்பதற்கு வெகு முன்னாலேயே நம் பெண்கள் ஓட்டியாயிற்று.

முதல் வழி: சங்கராபரணி

ஆரம்பிக்கிறவளுக்கு நான் சொல்வது இதுதான். திண்டிவனத்திலிருந்து மயிலம், அங்கிருந்து வீடூர் அணை, அணையிலிருந்து ஆற்றின் போக்கிலேயே திருவக்கரை. அரை நாள் போதும். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறாதே. அது சைக்கிளுக்கான இடமே இல்லை. கூட்டேரிப்பட்டில் அதைக் குறுக்கே கடக்க நேர்ந்தாலும் இறங்கி, தள்ளிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துக் கட.

மயிலம் முருகன் கோயில் குன்று சின்னதுதான். ஏறி இறங்கினால் கியர் மாற்றப் பழகிவிடும். ஏற்றம் தொடங்குவதற்கு முன்னாலேயே லேசான கியருக்கு வா. பாதி ஏற்றத்தில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழன்று வரும். பங்குனி உத்திர நாட்களில் இந்தப் பக்கம் வராதே, ஊரே காவடியோடு ரோட்டில் இருக்கும்.

வீடூர் அணை 1950-களின் கடைசியில், சங்கராபரணியும் தொண்டியாறும் சேருகிற இடத்தில் கட்டியது. 32 அடி உயரம்தான். ஆனால் கரை நீண்டுகொண்டே போகும். கரைமேல் போகலாமா என்று அங்கே வேலையில் இருக்கிற நீர்வளத்துறை ஆட்களிடம் கேட்டுவிட்டுப் போ. ஷட்டர் திறந்திருந்தால் வேண்டாம் என்பார்கள், அதோடு விட்டுவிடு.

திருவக்கரை நெருங்கும்போது கல் குவாரிகள் வரும். டிப்பர் லாரிகள் விடியற்காலையிலேயே ஓட ஆரம்பித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தேவலை. காதில் இயர்போன் கூடாது. புழுதியில் லாரிக்காரருக்கு உன்னைத் தெரியாது. பளிச்சென்ற மஞ்சளோ ஆரஞ்சோ போட்டுக்கொள். பின்விளக்கைப் பகலிலும் எரிய விடு.

அங்கே சந்திரமௌலீஸ்வரர் கோயிலும் வக்கிரகாளியம்மன் சந்நிதியும் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளி இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தேசியக் கல்மரப் பூங்கா. மரங்கள் ஆற்று மணலில் புதைந்து, அவற்றின் திசுக்களில் சிலிக்கா ஏறி அப்படியே கல்லானவை. வயது சுமார் இரண்டு கோடி ஆண்டுகள். பட்டையின் வரியும் கணுவும் கல்லில் தெரியும். பக்கத்தில் குனிந்து பார். ஆனால் பூங்காவுக்கு வெளியே வயலில் ஒரு துண்டு கிடந்தாலும் எடுத்துக்கொண்டு வராதே. இந்தக் கல்மரம் ஏற்கெனவே எத்தனையோ பேர் கையோடு போய்விட்டது.

இரண்டாவது வழி: செஞ்சி

இதற்கு ஒரு முழுநாள் வேண்டும். விழுப்புரத்திலிருந்து செஞ்சி நாற்பது கிலோமீட்டருக்கு ஒட்டி வரும். திண்டிவனத்திலிருந்து முப்பதுக்குள். ஆனால் நேர் ரோட்டில் போய்ச் சேர்வதில் ஒரு சுவையும் இல்லை. விழுப்புரத்திலிருந்து வந்தால் மண்டகப்பட்டு, தளவானூர் வழியாக உள்ளே புகுந்து போ. மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு எடுத்த கோயில் என்று அவனே கல்வெட்டில் சொல்லி வைத்திருக்கிறான். பெரிய கூட்டம் வராத இடம். தூணில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் குப்பை போடாமல் கிளம்பு.

ஒரு எச்சரிக்கை. மேப்பில் தளவானூர் என்று தட்டினால் இரண்டு காட்டும். குகைக்கோயில் இருப்பது செஞ்சிப் பக்கத்துத் தளவானூர். தென்பெண்ணைக் கரையில் தடுப்பணை உடைந்து செய்தியில் வந்தது இன்னொரு தளவானூர். இரண்டும் எதிரெதிர்த் திசை. நம் மாவட்டத்தில் இப்படி இரட்டைப் பெயர்கள் நிறைய. ஊர்ப் பெயரோடு பக்கத்து ஊரையும் சேர்த்தே தேடு.

இங்கே பாதையின் குணம் மாறும். சங்கராபரணிக் கரையில் வண்டல். இங்கே கிரானைட் பாறை வெயிலும் மழையும் பட்டு உதிர்ந்த பருமணல். இறுகின தரைமேல் அரிசி இறைத்த மாதிரி கிடக்கும், டயர் அதன்மேல் உருளும். வளைவில்தான் விழுவார்கள். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடு. திரும்பும்போது முன்பிரேக்கைத் தொடாதே. முழங்கையை மடக்கித் தளர்வாக வை, பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, பாதையில் நாலு சைக்கிள் நீளத்துக்கு அப்பால் இருக்கட்டும். சைக்கிள் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். இறுக்கிப் பிடித்தால்தான் சாயும்.

பொழுது இருந்தால் பனமலையையும் சேர்த்துக்கொள். ஏரிக்கரையில் குன்று, குன்றின் மேல் ராஜசிம்மப் பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில், அதில் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம். ஓவியத்தை ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதே.

செஞ்சிக் கோட்டை என்றால் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் வளைத்துக் கட்டிய மதில். 1677-ல் சிவாஜி பிடித்தது. பிறகு ஔரங்கசீப்பின் படை சுற்றி வளைத்து, பிடிக்க எட்டு வருஷம் ஆயிற்று. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன்பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. ஒரே நாளில் சைக்கிளும் ஓட்டி, ராஜகிரியும் ஏறுகிறேன் என்று கிளம்பாதே. சைக்கிள் மிதித்த தொடைக்குச் செங்குத்துப் படி இறங்குவது பெரிய தண்டனை. கோட்டையைத் தனியாக இன்னொரு நாள், காலையிலேயே போய் ஏறு. சைக்கிளில் போகிற நாளில் மதிலை வெளியிலிருந்து சுற்றிப் பார். திருநாதர்குன்றுக்குப் போய் ஒரே பாறையில் வரிசையாகச் செதுக்கிய இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களைப் பார். பையில் சாப்பாடு இருந்தால் குரங்குக்குத் தெரிந்துவிடும், ஜிப்பை இழுத்து மூடு.

பாக்கம்மலைக் காட்டுக்குள் மண்பாதை போகிறது என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அது காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். காட்டை ஒட்டிய ஊர்ப்பாதைகளே போதுமான அழகு. அங்கேயும் விடியும் முன் பாதையை விட்டு வயலில் காலை வைக்காதே. காட்டுப்பன்றிக்காகச் சிலர் திருட்டுத்தனமாக மின்வேலி போடுகிறார்கள். அதில் மனித உயிர்கள் போயிருக்கின்றன. பாதையோரம் சுற்றுச்சுவர் இல்லாத தரைக்கிணறுகளும் உண்டு. இந்த இரண்டு காரணமும் போதும், இருட்டில் மண் பாதை கிடையவே கிடையாது.

தென்பெண்ணையும் மற்றவையும்

தென்பெண்ணையில் நீ நினைக்கிற மாதிரி ஆற்றுப்படுகையில் ஓட்ட முடியாது. மணல் சக்கரத்தை விழுங்கும். கரையில்தான் போக வேண்டும். எல்லீஸ்சத்திரம் அணைக்கட்டு 2021 வெள்ளத்தில் உடைந்தது, கரைகளின் முகமே அதன்பிறகு மாறிவிட்டது. பழைய ஜி.பி.எஸ். தடத்தை வைத்துக்கொண்டு இந்தக் கரையில் போகாதே. விழுப்புரத்திலிருந்து திருவெண்ணெய்நல்லூர் வரை கரையோர ஊர்களைத் தொட்டுக்கொண்டு போய், அங்கிருந்து திருக்கோவிலூர் போனால் ஆற்றின் நடுவே கபிலர் குன்று. பாரியின் மகளிரை ஒப்படைத்துவிட்டுக் கபிலர் உயிர்விட்ட இடம் என்று ஊர் சொல்லும் பாறை அது. கரும்பு அரவைக் காலத்தில் இந்தப் பக்கம் டிராக்டர்கள் பின்விளக்கே இல்லாமல் கரும்பு ஏற்றிக்கொண்டு முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடு.

கழுவேலி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. தரை சமம், ஏற்றமே இல்லை, ஆனால் நிழலும் இல்லை. விளிம்பு வரைதான் போ. உவர்மண் சேறு செயினில் ஒட்டினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் போட வேண்டும், இல்லையென்றால் ஒரு வாரத்தில் துரு.

கல்வராயன் மலை? அது இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். நிஜமான மலை. மேலே சொன்னதெல்லாம் பழகிய பிறகு, துணையோடு, இரண்டு நாள் ஒதுக்கிப் போ. வெள்ளிமலை ஏற்றத்துக்கு, முன் பல்சக்கரத்தைவிடப் பின்னால் இருக்கிற பெரிய பல்சக்கரத்துக்குப் பல் அதிகமாக இருக்க வேண்டும். இறங்கும்போது பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வராதே. அழுத்து, விடு, அழுத்து, விடு. இல்லையென்றால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

பஞ்சாங்கம் பார்த்துக் கிளம்பு

நாள் நட்சத்திரத்துக்காகச் சொல்லவில்லை, போக்குவரத்துக்காகச் சொல்கிறேன். பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை கிரிவலத்துக்குத் திண்டிவனம், செஞ்சி ரோடு முழுக்க பஸ்ஸும் வேனும். திருவக்கரையிலும் அன்றைக்குக் கூட்டம். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாத டிரைவர்கள் மறுநாள் காலையில் அதே ரோட்டில் திரும்பி வருவார்கள். இந்த இரண்டு நாளும், அதற்கு அடுத்த காலையும் செஞ்சிப் பக்கம் வேண்டாம்.

அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல்லும் உளுந்தும் கம்பும் காயும். அதன்மேல் ஓட்டாதே. ஓரமாக இறங்கித் தள்ளிக்கொண்டு போ. அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு. இறங்கி நடந்தாயானால் அங்கே உட்கார்ந்திருக்கிற அம்மாவே உனக்கு வழியும் சொல்லி, குடிக்கத் தண்ணீரும் கொடுப்பார்.

வழி கேட்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. "ரோடு நல்லா இருக்கா?" என்று கேட்டால், சைக்கிளில் வந்த பொண்ணு கஷ்டப்படக் கூடாதென்று தார் ரோட்டைத்தான் காட்டுவார்கள். "டூ வீலர் போவுமா?" என்று கேள். போவும் என்றால் உனக்கும் போகும். "டிராக்டர்தான் போவும்" என்றால் ஆழமான சக்கரத்தடமும் சேறும் இருக்கிறது என்று அர்த்தம். ஆடு மேய்ப்பவர்களும் பால் கேன் கொண்டுபோகிறவர்களும் சொல்கிற வழி தப்பாது. எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்காதே. எல்லாருக்கும் எல்லாமே "கிட்டதான்".

சாப்பாடு, உடை, உடம்பு

மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் தண்ணீர். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலை சுற்றும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றைக் கரைத்துக்கொள். ரோட்டோரம் கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ் கிடைத்தால் அதைவிட நல்ல சாப்பாடு இந்த ஓட்டத்துக்கு இல்லை. உப்பும் மோரும் வெங்காயமும் சேர்ந்தே வருகிறது. ஆடி ஞாயிறுகளில் மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள், வாங்கிக் குடி. கோடையில் பதநீர், நுங்கு. திண்டிவனம், மரக்காணம் பக்கம் தர்பூசணி.

பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் போட்டால் அதற்குள் வேறு உள்ளாடை போடாதே, தையல் உரசித்தான் புண்ணாகும். வெறும் ஷார்ட்ஸ் கூச்சமாக இருந்தால் மேலே தளர்வான பேன்ட் போட்டுக்கொள், வலதுகால் ஓரத்தை ரப்பர் பேண்டால் கட்டு. துப்பட்டா வேண்டவே வேண்டாம், சக்கரத்தில் சுற்றும். மாதவிடாய் நாட்களில் ஓட்டக் கூடாதென்று ஒன்றும் இல்லை, உடம்பு என்ன சொல்கிறதோ அதன்படி செய். மாற்று நாப்கினும், உபயோகித்ததைச் சுற்றிக் கொண்டுவரக் காகிதமும் பையில் இருக்கட்டும். கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்க், பெரிய கோயில்கள், பஸ் ஸ்டாண்ட். கிளம்பும் முன்பே எங்கெங்கே என்று குறித்துக்கொள். கழிப்பறை இல்லையென்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவதுதான் நம் பெண்கள் செய்கிற பெரிய தப்பு.

நாய் துரத்தினால் வேகம் எடுக்காதே. இறங்கு, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நட, பெரும்பாலும் விட்டுவிடும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி. செஞ்சிப் பாறைப் பக்கம் விரியன் உண்டு. இயற்கை உபாதைக்கு ஒதுங்கினால் தரையைத் தட்டிக்கொண்டே போ. பாம்பு கடித்தால் கயிறு கட்டாதே, கீறாதே, கடிபட்ட காலை அசைக்காமல் 108-க்குக் கூப்பிடு. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. யாராவது தொந்தரவு செய்தால் 112, அல்லது பெண்கள் உதவி எண் 181. போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பு. மலையோரத்தில் சில இடத்தில் சிக்னல் வராது.

சென்னையிலிருந்து தோழி யாராவது சைக்கிளோடு வருவதானால், ரயில் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து விழுப்புரம் ஜங்ஷனில் இறக்கச் சொல். மயிலம், பேரணி மாதிரிச் சின்ன ஸ்டேஷனில் ரயில் நிற்கிற நேரத்தில் சைக்கிளை இறக்க முடியாது. செஞ்சிக்கு இன்றுவரை ரயில் கிடையாது.

தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி இல்லாத ஞாயிறாகப் பார்த்து, விடிந்ததும் திண்டிவனத்திலிருந்து வீடூருக்குக் கிளம்பு. தனியாகப் போகாதே, பக்கத்துத் தெருவில் பள்ளிக்கூடச் சைக்கிளைத் திண்ணையில் சாத்தி வைத்திருக்கிற ஒருத்தியையும் கூப்பிட்டுக்கொண்டு போ. அவள் டயருக்கும் காற்று அடித்துக் கொடு.